மொட்டுக்கு மேல் ஒரு சாய்வான வெட்டு

தோட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என்னைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். சிங்கப்பெருமாள் கோயில் நர்சரியில் ஆரம்பித்து, கடற்கரைச் சாலை பங்களாக்களில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தே தலை நரைத்தவள் நான். என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. 'சிஐடி அக்கா' என்று கேட்டால் முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கையைக் காட்டுவார்கள். கன்று விற்கிறவர் 'நல்ல ஒட்டு' என்று சொன்னால் நான் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பேன். வீட்டுக்காரர் 'உரம் போட்டாச்சு' என்றால் மண்ணைக் கிளறுவேன். 'தண்ணி ஊத்தினேன்க்கா' என்று நீங்கள் சொன்னாலும் விரலை விட்டுப் பார்க்காமல் நகர மாட்டேன். கெட்ட குணம் என்று என் வீட்டிலேயே சொல்வார்கள். இத்தனை வருஷம் சோறு போட்ட குணத்தை எப்படி விடுவது?

கவாத்து செய்வது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது, செல்போனில் வீடியோவும் இருக்கிறது. கத்தரி பிடித்த கைக்கு வரும் வேறொரு சங்கடத்தைச் சொல்லத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். என்றாவது ஒரு நாள் ஒருவர் உங்களை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், 'இதை வெட்டினது யாரு, நீயே சொல்லு' என்பார். நீங்கள் சொல்லப்போகும் பதிலை நம்பி ஒரு குடும்பம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். எனக்கு அது திருவிடந்தையில் நடந்தது, ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால்.

அந்த வீட்டுக்காரர் அணு ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சார் என்றே சொல்கிறேன். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர், தென்காசிக்காரர். அவரை நாங்கள் அம்மா என்போம். சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் வீடு. தென்னை, கொய்யா, சப்போட்டா எல்லாம் நன்றாகவே காய்த்துக்கொண்டிருந்தன. சாருக்கு அது போதவில்லை, ஆப்பிள் வேண்டும். 'குளிர் அதிகம் கேக்காத ரகம் இருக்கு, எல்லாம் படிச்சுப் பாத்துட்டேன்' என்று மூன்று கன்றுகளை வாங்கி நட்ட பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

உப்புக்காற்றில் ஆப்பிளா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேதான் போனேன். பட்டையைக் கீறினேன், உள்ளே பச்சை. ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தேன், நன்றாகச் சேர்ந்திருந்தது. என் முதல் சந்தேகம் அங்கேயே தோற்றது. அடுத்த சந்தேகம் தோற்கவில்லை. மூன்றும் ஒரே ரகம், அது தனியாகக் காய்க்காது. பக்கத்தில் வேறொரு ஆப்பிள் ஜாதி அதே சமயத்தில் பூக்க வேண்டும், தேனீ அதன் மகரந்தத்தைக் கொண்டு வர வேண்டும், அப்போதுதான் பிஞ்சு பிடிக்கும். இதைச் சொன்னதும் சாரின் முகம் சுருங்கிவிட்டது. விற்றவன் அதைச் சொல்லவே இல்லையாம்.

இந்த வேலைக்கு வைப்பதுதான் க்ராப் ஆப்பிள். நெல்லிக்காய் அளவில், வாயில் வைக்க முடியாத புளிப்பில் காய்க்கும் காட்டு ஆப்பிள். எங்கள் ஆட்கள் வாயில் அது நண்டு ஆப்பிள் ஆகிவிட்டது, நானும் அப்படியே சொல்கிறேன். சார் என்னை ஒரு சாலையோரக் கன்று வண்டிக்கு அழைத்துப் போனார். சட்டியில் ரத்தச் சிவப்பில் பழப் படம் ஒட்டியிருந்தது, அவர் கண் அதிலேயே நின்றது. நான் விற்கிறவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், எந்த மாசம் பூக்கும் என்று. 'வருஷம் பூரா பூக்கும்க்கா' என்றார். சாரின் கையைப் பிடிக்காத குறையாகக் காருக்கு இழுத்து வந்தேன். நண்டு ஆப்பிள் எடுக்கும்போது பழத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் ஆப்பிள் பூக்கும்போது அதுவும் பூக்குமா, பூ நிறைய வருமா, இலையைத் திருப்பினால் புள்ளி கிள்ளி இல்லாமல் இருக்கிறதா, இவ்வளவுதான் கேள்வி. தேடி அலைந்து, பெங்களூர்ப் பக்கத்திலிருந்து ஒன்று வரவழைத்தோம்.

அப்புறம் வருஷா வருஷம் நான்கு மரங்களுக்கும் கவாத்து என் கையால்தான். இந்த ஊரில் மரம் தானாக இலை உதிர்த்துத் தூங்கும் அளவுக்குக் குளிர் ஏது? நம் செங்கல்பட்டுப் பக்கத்து மல்லித் தோட்டங்களில் மார்கழிவாக்கில் செடியை வெட்டி, மிச்சமிருக்கும் இலையையும் உருவி விடுவார்கள், பிறகு பூ கொட்டும். அதையே ஆப்பிளுக்கும் செய்தேன். மரத்தை நான் மொட்டையடித்துவிட்டேன் என்று சார் அலறினார். தளிர் வந்த பிறகுதான் என்னோடு பேசினார்.

கவாத்து நாளில் அம்மா டீயோடு வந்து என் பக்கத்திலேயே நிற்பார். அக்கம்பக்கத்து வீடுகள் சனி ஞாயிறில் மட்டும் திறக்கும், பாட்டு அலறும், பிறகு பூட்டிக்கொள்ளும். பேச ஆளில்லாமல் அவர் தவித்தது எனக்குத் தெரியும். இந்தக் கிளை ஏன், அந்தக் குச்சி ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு கத்தரியை அவர் கையிலும் கொடுத்தேன். மொட்டுக்கு ஒட்டினாற்போல மேலே, தண்ணீர் மொட்டின் மேல் வடியாதபடி எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்ட வேண்டும் என்று காட்டினேன். கணக்கு டீச்சர் அல்லவா, ஒரு தடவை காட்டினால் போதும், கோணம் பிசகாது. மெலிந்த மொட்டு இலையாகும், குட்டைக் குச்சியின் நுனியில் உருண்டையாக இருப்பது பூவாகும் என்பதையும் கற்றுக்கொண்டார். 'அப்ப இந்த நண்டு மரம் பூக்கலன்னா அந்த மூணும் காய்க்காது, அப்படித்தானே?' என்று ஒருமுறை கேட்டார். 'கரெக்டும்மா' என்று பாராட்டினேன்.

அந்த வீட்டு வாட்ச்மேன் ஏழுமலை. செங்கல்பட்டுக்கு உள்ளே ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்து ஆள். தோட்டத்தின் பின்னால் இருக்கும் சின்ன வீட்டில் மனைவி, மகளோடு குடியிருந்தார். மகள் பிளஸ் டூ. சாயங்காலமானால் அம்மாவிடம் கணக்குப் படிக்க வந்துவிடும். ஏழுமலையை நான் நம்பியதே கிடையாது. அவர் ஆடு ஒருமுறை நான் நட்ட மாதுளையைக் கடித்துக் குதறியது. கேட்டதற்கு, 'எனக்கு இன்னா தெரியும்க்கா, காத்துல ஒட்ஞ்சிருக்கும்' என்றார். காலடியில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது.

அதுவரை ஆப்பிள் மரங்களில் ஒரு பிஞ்சுகூடப் பிடித்ததில்லை. அந்த வருஷ மார்கழியில் நாங்கள் இலை உருவிக்கொண்டிருந்தபோது சார் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்: 'இந்த மாசியில காய் பிடிக்கலைன்னா, வீட்டை வித்துட்டு இவ ஊருக்கே போயிடறோம். பிடிச்சுதுன்னா, கடைசி வரைக்கும் இங்கேதான்.' ஏழுமலை, 'பிடிக்கும் சார், பிடிக்காம எங்க போவும்' என்று அவசர அவசரமாகச் சொன்னார். வீடு கைமாறினால் அவர் கதி என்ன? அம்மா டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மாசி பிறந்ததும் சாரிடமிருந்து போன். ஆப்பிள் மூன்றும் மொட்டு விட்டிருக்கின்றன, ஆனால் நண்டு மரத்துக் கிளைகளை யாரோ தினம் தினம் வெட்டுகிறார்கள், உடனே வா என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது முன்வாசலில் ஏழுமலையும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். மனைவியின் கண் சிவந்திருந்தது. கதவுக்குப் பக்கத்தில் அம்மா.

'ஆட்டுக்கு ஒடிச்சுப் போட்டிருக்கான். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டேன்' என்றார் சார். 'நீங்க பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவன்தானே?'

'இன்னா ஏழுமலை, நீ வெட்னியா?' என்று கேட்டேன்.

'எனக்கு இன்னா தெரியும்க்கா' என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதுளைக்குச் சொன்ன அதே பொய். 'ஆமாம் சார், இவர்தான்' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வேலையை முடித்துவிட்டு அடுத்த பங்களாவுக்குப் போயிருக்கலாம். அப்போது அவர் மகள் பின்வீட்டு வாசலில் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. பொதுப் பரீட்சைக்கு இரண்டே வாரம். இந்தப் பெண் இன்று சாயங்காலம் எந்த ஊரில், எவர் வீட்டு மூலையில் உட்கார்ந்து படிக்கும்? மரத்தைப் பார்க்காமல் வாயைத் திறக்கக்கூடாது என்று தோட்டத்துக்கு நடந்தேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்: எவ்வளவு கோபம் வந்தாலும் முதலில் மரத்தைப் போய்ப் பாருங்கள்.

கிளைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஆடு கடித்தால் பட்டை கிழியும், கையால் ஒடித்தால் நார் நிற்கும், ஏழுமலையின் அருவாள் பட்டால் கொத்தியது போல இருக்கும். இங்கே ஒவ்வொரு வெட்டும் சுத்தமாக, மொட்டுக்கு ஒட்டினாற்போல, ஒரே சாய்வில் இருந்தது. அப்படியே என் கை. யார் பார்த்தாலும் நான் வெட்டினேன் என்றுதான் சொல்வார்கள்.

உடனே என் சந்தேகம் என் ஆட்கள் மேல் பாய்ந்தது. என்னிடம் தொழில் கற்றுத் தனியாக நர்சரி வைக்கப் போன ஒருவன் ஒட்டுப் போடக் குச்சி திருடுகிறானோ? அதுவும் நிற்கவில்லை. ஒட்டுக்கு எடுப்பவன் மெலிந்த இலை மொட்டுள்ள நீளக் குச்சியைத்தான் எடுப்பான். இங்கே அதெல்லாம் அப்படியே இருந்தது. போயிருந்தது பூ மொட்டுள்ள குட்டைக் குச்சிகள் மட்டும், அதில் ஒன்றுகூட மிச்சமில்லை. பக்கத்தில் ஆப்பிள் மரங்களில் ஒரு மொட்டுக்கூடக் குறையவில்லை. இந்த நண்டு மரம் பூக்கக்கூடாது, அந்த ஆப்பிள்கள் காய்க்கக்கூடாது என்று நினைத்த யாரோ, எது பூ எது இலை என்று தெரிந்து வெட்டியிருக்கிறார்கள். ஏழுமலைக்கோ இந்த மரம் காய்த்தால்தான் வீடு.

திரும்பி வந்து, 'இவர் இல்ல சார்' என்றேன். 'இது அருவா வெட்டு இல்ல. கத்தரி. நான் பழக்கிவிட்ட வெட்டு.'

சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். 'நீங்க பழக்கின வெட்டா? அப்ப உங்க ஆளுங்களா? இல்ல, நீங்களேவா? பெங்களூர்லேருந்து வந்த ரகம், வெளியில கிடைக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?'

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளை ஒருவர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. காது சுட்டது, வாய் உலர்ந்துவிட்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். எப்போதும் 'உள்ள வாங்க' என்று சமையலறைக்கே கூட்டிப்போகும் அம்மா, 'நீங்க இரிங்க, நான் கொண்டாரேன்' என்று விறுவிறுவென்று உள்ளே போனார். எனக்கு அது போதாதா? பின்னாலேயே போனேன்.

சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வாளி. அதன்மேல் ஈரத்துண்டு போர்த்தியிருந்தது. துண்டை எடுத்தேன். வாளி நிறையத் தண்ணீரில் நண்டு ஆப்பிள் குச்சிகள். மொட்டெல்லாம் வெடித்து வெள்ளையும் ரோஸுமாகப் பூத்திருந்தன. அந்த இருட்டு மூலையில் அவ்வளவு அழகை நான் எதிர்பார்க்கவில்லை.

'தூரப் போட மனசு வரலம்மா' என்றார் அம்மா, தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே. 'எங்க அக்கா தென்காசியில தனியா கெடக்கா. மூட்டு வலி, எந்திரிக்க முடியல. நானும் இங்க சுவத்தப் பாத்துப் பேசிட்டு இருக்கேன். காய்க்கலன்னா போவோம்னு அவிய வாயால சொன்னாவ. விளையாட்டுக்குச் சொன்னாவன்னு தெரியும். எனக்கு வேற வழி தெரியல.'

பாவமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. 'அதுக்கு ஏழுமலை இன்னாமா பண்ணாரு? அவரு பொண்டாட்டி அங்க அழுதுகினு கீறாங்க. நீங்க கதவாண்ட நின்னு பாத்துகினுதான இருந்தீங்க?'

'நெசமாவே அனுப்பிருவாவன்னு நான் நெனக்கல. அவனுக்குத் தெரியும்மா. காலையில நான் வெட்டும்போது ரெண்டு தடவ பாத்துட்டான். ஒண்ணும் சொல்லாமப் போயிட்டான்.'

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தன் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தந்தவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், தன் வீடு போனாலும் போகட்டும் என்று அந்த மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் அதைத் திருட்டு முழி என்று நினைத்தேன்.

வாளியைத் தூக்கிக்கொண்டு போய் சார் முன்னால் வைத்திருக்கலாம். என் பெயரும் சுத்தமாகியிருக்கும். ஆனால் அது என் கையால் வெட்டுகிற இடமில்லை என்று பட்டது. 'அம்மா, அந்தப் பொண்ணு மூட்ட கட்டிகினு கீது. நான் வெளிய போய் நிக்கிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வந்து நின்ற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அவர் வருவாரா மாட்டாரா என்று சந்தேகப்பட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வராவிட்டால் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

வந்தார். இரண்டு கையாலும் வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து சாரின் காலடியில் வைத்தார். ஏழுமலை பதறிப்போய், 'அம்மா, வேணாம்மா' என்றார்.

சார் பூக்களைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். புரிய அவருக்கு நேரம் பிடித்தது. 'நீயா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?' என்றார்.

'சொன்னேன். ஒவ்வொரு வருசமும் சொன்னேன். நீங்க மரத்தப் பாத்துக்கிட்டு இருந்திய.'

என்ன செய்வது என்று தெரியாமல் நான் எனக்குத் தெரிந்த தொழிலைப் பேசினேன். 'இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல சார். இந்த வாளியை அப்படியே ஆப்பிள் மரத்தாண்ட வெச்சா போதும். தேனீ வந்துடும், காய் பிடிக்கும்.' உண்மைதான். பூத்த குச்சிகளைத் தண்ணீரில் வைத்து மரத்தடியில் விடுவது எங்கள் தொழிலில் உள்ளதுதான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மாவின் முகம் செத்துவிட்டது.

சார் குனிந்தார். வாளியைத் தூக்கினார். தோட்டத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு திரும்பி வீட்டுக்குள்ளே போய், சாப்பாட்டு மேசைமேல் அதை வைத்தார். தண்ணீர் சிந்தி மேசை விரிப்பெல்லாம் நனைந்தது. வெளியே வந்து ஏழுமலையின் தோளில் கை வைத்து, 'தப்பா பேசிட்டேன்ப்பா. நாங்கதான் கிளம்பறோம். நீ இரு, வீட்டைப் பாத்துக்கோ, விக்கல' என்றார். என்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்?

பரீட்சை முடிவதற்கு முன்பே அவர்கள் தென்காசிக்குப் போய்விட்டார்கள். கிளம்பும் வரை அம்மா அந்தப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன்.

வெயில் ஏறிய ஒரு நாள் ஏழுமலையிடமிருந்து போன். 'அக்கா, ஒரு ஆப்பிள் காச்சிருக்குக்கா. ஒண்ணே ஒண்ணு. செவந்துகினு வருது.'

என் மூளை உடனே வேலை செய்ய ஆரம்பித்தது. நண்டு மரத்தில் ஒரு பூ மொட்டு மிச்சமில்லை என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மகரந்தம் வானத்திலிருந்தா வந்தது? 'ஏழுமலை, அந்த வாளியிலேர்ந்து ஒரு குச்சிய எடுத்துனு போய் ஆப்பிள் மரத்துல கட்னியா?'

'எனக்கு இன்னா தெரியும்க்கா' என்றார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவரோ தயங்கித் தயங்கிக் கேட்டார்: 'சாருக்குப் போன் போட்டுச் சொல்லட்டுமாக்கா? அந்த மனுசன் எத்தினி வருசமா ஏங்கினு கெடந்தாரு?'

இதற்குத்தான் உங்களிடம் இத்தனை கதை. அந்தக் கேள்விக்கு எந்த வீடியோவிலும் பதில் கிடையாது. சொன்னால் சார் சந்தோஷத்தில் அடுத்த ரயிலில் கிளம்பி வந்துவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னால் வர வேண்டியிருக்கும். அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மா நடந்து வந்தது கண்முன் வந்தது.

'சொல்லாத. உன் பொண்ணைப் பறிச்சுத் துன்னச் சொல்லு' என்றேன்.

அவர் மகளைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு போனிலேயே கடிக்கும் சத்தம் கேட்டது. 'ஐயே, ஒரே புளிப்புப்பா' என்று அந்தப் பெண் சொன்னதும் கேட்டது.

உங்களில் யாராவது தென்காசிப் பக்கம் வேலைக்குப் போகலாம். அங்கே ஒரு பெரியவர், ஆப்பிள் மரத்துக்குக் கவாத்து தெரியுமா என்று ஆசையாக உங்களிடம் பேச்சுக் கொடுக்கலாம். நன்றாகப் பேசுங்கள், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். திருவிடந்தையில் ஒரு காய் காய்த்ததை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.